இழுத்துப் பிடித்த கடிவாளம்

பாய்ந்து ஓடும் குதிரை ஒரு நொடியில் பதினைந்து மீட்டர் கடந்துவிடும். கேமராவின் திரையை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடினால், அதற்குள் குதிரை நகர்வது ஒன்றரை சென்டிமீட்டர்தான், ஒரு விரல் அகலம். அதனால்தான் பிடரி மயிர்கூட இழை இழையாகப் படத்தில் விழுகிறது. வேகம் என்றால் என்னவென்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் இருபது வருடமாக நான் இயற்பியல் வாத்தியார். கோடை வந்தால் மேய்ச்சல் மலைக்குப் போய், பண்டிகைகளில் நடக்கும் ஆட்டம், மல்யுத்தம், குதிரைப் பந்தயம் எல்லாவற்றையும் படம் எடுத்து மாவட்டப் பத்திரிகைக்கு அனுப்புவேன். யாரும் கேட்டுச் செய்வதில்லை. ஆசைக்குச் செய்வது.

அந்த ஆசையில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறது.

ஜூலைப் பண்டிகையில் பெண்ணைத் துரத்தும் ஓட்டம் உண்டு. பெண் முதலில் புறப்படுவாள். அவள் பதினைந்து குதிரை நீளம் போன பிறகு பையனுக்குக் கொடி அசைப்பார்கள். எல்லைக் கம்பத்துக்குள் எட்டிப் பிடித்துவிட்டால் ஓடுகிற ஓட்டத்திலேயே அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கலாம். எட்டவில்லை என்றால் திரும்பி வரும்போது அவள் துரத்துவாள், சாட்டையால் அவன் முதுகில் விளாசுவாள். சபைக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அன்று காலை ஓடியவள் பெகாயிம். என் நண்பன் கெமலின் மகள், என் பழைய மாணவி, இப்போது கால்நடை மருத்துவம் படிக்கிறாள். துரத்தியவன் எல்தியார். அவனும் என்னிடம் படித்தவன்தான். பெகாயிம் மூன்று குதிரை நீளத்தில் ஜெயித்தாள். திரும்பும்போது எல்தியாரின் முதுகில் மூன்று அடி. சபை எழுந்து நின்று கத்தியது.

நான் அப்போது குனிந்து கேமராவில் கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் நடந்த குதிரை மேல் மல்யுத்தத்தில் கார்டு முழுக்கத் தீர்ந்துபோயிருந்தது. நிமிர்ந்தபோது தூசிதான் இருந்தது.

பண்டிகையின் முதல் பக்கப் படமே அந்த ஓட்டம்தான். சாயங்காலம் கூட்டம் கலைந்து, ஆட்கள் கறிக் கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, அவர்கள் இருவரையும் மைதானத்தின் மறுகோடிக்குக் கூப்பிட்டேன்.

"இன்னொரு தடவை ஓடணுமா? சார், என் முதுகு இன்னும் எரியுது," என்றான் எல்தியார்.

"எரியட்டும். நல்லா உறைக்கும்," என்றாள் பெகாயிம். "சீக்கிரம் எடுங்க சார். என் குதிரை பசியில இருக்கு."

முதல் தடவை ஓடியபோது அவள் படத்தின் சட்டத்தைவிட்டே போய்விட்டாள். எல்தியார் பின்னால் புள்ளியாகத் தெரிந்தான். நீளமான லென்ஸ் தூரத்தைச் சுருக்கிக் காட்டும், பத்து மீட்டர் இடைவெளியை ஒட்டி நிற்பதுபோலக் காட்டிவிடும். ஆனால் நாற்பது மீட்டரை அதுவும் ஒன்றும் செய்ய முடியாது. எல்தியார் தூரத்தில் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோது நான் பெகாயிமின் குதிரைக்குப் பக்கத்தில் போனேன்.

"கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு வாம்மா. ரெண்டு பேரும் ஒரே சட்டத்துல வரணும்."

"இழுத்துப் பிடிக்கிறதா? இந்தக் குதிரைக்கு அந்தப் பாஷையே தெரியாது சார்."

"படத்துக்குத்தானே."

அவள் உதட்டைச் சுழித்தாள். ஆனால் வாத்தியார் சொல்லைத் தட்டி வளர்ந்தவள் இல்லை. இன்னும் ஒன்றிரண்டு விஷயமும் சொன்னேன். சொல்லிவிட்டுப் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் படம் என் வாழ்க்கையிலேயே நல்ல படம். எட்டுக் குளம்பும் தரையில் இல்லை. அவள் தலைத்துணி நெருப்புப்போலப் பின்னால் பறக்கிறது. எல்தியார் சேணத்திலிருந்து பாதி உடம்பை வெளியே சாய்த்து அவள் கன்னத்தருகே வந்துவிட்டான். அவள் சிரிக்கிறாள். கீழே 'கோடைப் பண்டிகையில் பெண்ணைத் துரத்தும் ஓட்டம்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். யார் ஜெயித்தார்கள் என்று எழுதவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள் ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். இரண்டு மேய்ப்பர்கள் அதன் முன் நின்று, பாராட்டுகிறார்கள் என்று நான் நினைக்கும்படி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"குதிர வாயப் பாருய்யா. கொட்டாவி விடுற மாதிரி தெறந்திருக்கு. அம்புட்டு இழுப்பு."

"அவ முழங்கை முதுகுக்குப் பின்னாலயே போயிருச்சு!"

"நெழலப் பாத்தியா? கெழக்க விழுந்திருக்கு. ஓட்டம் காலையிலதானே நடந்துச்சு? இது சாயங்காலம்."

"அப்பிடிப் போடு. காலையில ஊருக்கு முன்னால சாட்டை. சாயங்காலம் யாருமில்லாத எடத்துல கன்னம்!"

நிழலைப் பார்த்து நேரம் சொல்ல அந்த இருவருக்கும் ஆறாம் வகுப்பில் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

நான் சுவரில் இருந்த படத்தை மறுபடி பார்த்தேன். என்னைப் போன்றவர்கள் படத்தில் முகத்தைப் பார்க்கிறோம். கேமராவும் அப்படித்தான், கண் எங்கே இருக்கிறதென்று தேடி அங்கேதான் கூர்மையை வைக்கும். எடுத்த நாளிலிருந்து நூறு தடவை பார்த்திருப்பேன், இரண்டு முகத்தையும் மட்டும். எங்கள் ஊரில் மற்ற எல்லாரும் முதலில் குதிரையைப் பார்ப்பவர்கள். அவர்கள் கண்ணுக்கு முதலில் பட்டது, கம்பிபோல விறைத்து நின்ற கடிவாளம்.

அது எங்களுக்கு என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இந்த ஓட்டத்தில் பெண்ணுக்கு எப்போதும் நல்ல குதிரைதான் கொடுப்பார்கள். எனவே நியாயமாக ஓடினால் பையன் எட்டுவது கடினம். துரத்துகிறவன்மேல் மனம் இல்லாத பெண் குதிரையை அதன் போக்கில் விட்டுவிடுவாள். மனம் இருக்கிறவள் ஊருக்குத் தெரியாமல் இரண்டு விரலால் கடிவாளத்தை இறுக்குவாள். வாய் திறந்து சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்கு இருந்த வழி அது. பாட்டுகளில் வரும், கேலியில் வரும், குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் 'இழுத்துப் பிடிச்சு வாம்மா' என்றேன், அந்த இழுப்பே ஒரு சொல் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

அன்று மாலையே பெகாயிம் போன் செய்தாள்.

"சார், பேப்பர்ல ரெண்டு வரி போட்டுருங்க. நீங்க கேட்டதாலதான் மறுபடி ஓடினோம்னு. தெருவுல நடக்க முடியல. காலேஜ் குரூப்ல எல்லாம் 'கல்யாணம் எப்போ'ங்கறாங்க."

"பாக்கலாம்மா. நாலு நாள்ல அடங்கிரும்."

"அடங்கலன்னா?"

"பாக்கலாம்."

பார்க்கலாம் என்றதற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள்தான் மாநிலப் புகைப்படக் கண்காட்சிக்கு நான் அனுப்பியிருந்த அந்தப் படத்தை எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்திருந்தது. சொல்லி நடிக்கவைத்த படங்களை ஏற்கமாட்டோம் என்று அதன் விதிகளில் நான்காவது வரி. நான் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அவளுக்குப் பதில் சொன்னேன்.

எட்டாம் நாள் காலை எல்தியாரின் அம்மா ஷைர்குல் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். புதுத் தலைத்துணி, முகமெல்லாம் சிரிப்பு.

"வாத்தியாரே, கேமராவ எடுங்க. மதியம் கெமல் வீட்டுக்குப் போறோம். பொண்ணுக்குத் தோடு போடப் போறோம். உங்க படத்தாலதானே ஆரம்பிச்சுது, நீங்களே எடுத்து முடிச்சு வைக்கணும்."

பையனின் அம்மா பெண்ணின் காதில் தோடு மாட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு மறுப்பது இரண்டு வீட்டுக்கும் தீராத அவமானம். "பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேக்கறதா? ஊரே பாத்துச்சே. என் பையன் அந்தப் படத்த தலைமாட்டுல வச்சுட்டு ஒரு வாரமா சாப்பிடவும் இல்ல, தூங்கவும் இல்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாசலில், அவளிடம் மட்டும். நான் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கெமல் வீட்டில் விரிப்பு நிறைய பொர்சோக் கொட்டியிருந்தது, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், சூடு ஆறாமல். வெண்ணெய், ஜாம், தேநீர். ஷைர்குலோடு ஆறு உறவினர்கள். முற்றத்தில் அவர்கள் கொண்டுவந்த ஆடு, குதிரை கட்டும் தூணில் கட்டிக்கிடந்தது. எல்தியார் இஸ்திரி போட்ட சட்டையில் வாசல்பக்கம் உட்கார்ந்து விரிப்பின் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கெமல் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"எசென், நீயாவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொண்ணப் பெத்தவன் பேப்பரப் பாத்துத் தெரிஞ்சுக்கணுமா?" கோபம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பெகாயிமை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். வெளுத்துப்போயிருந்தாள். ஷைர்குல் சின்னப் பெட்டியைத் திறந்தாள்.

"அப்பா, எனக்கு இது வேணாம்," என்றாள் பெகாயிம்.

அறை சிரித்தது. ஷைர்குலின் நாத்தனார், "வேணாம்னு சொல்லித்தான் ஆகணும், நானும் சொன்னேன். இன்னிக்கு அஞ்சு பிள்ள!" என்றாள்.

"நெஜமா வேணாம்."

"கடிவாளம் வேற சொல்லுதேம்மா," என்றார் ஒரு பெரியவர், இதமாக.

அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "சார், சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? லென்ஸ். "அதாவது, நீளமான லென்ஸுல பாத்தா தூரமா இருக்கற ரெண்டு பொருள் கிட்டக் கிட்டத் தெரியும், அதனால..." என்று ஆரம்பித்தேன். இரண்டு தேநீர்க் கோப்பைகளை எடுத்து முன்னும் பின்னுமாக வைத்தும் காட்டினேன். ஆறு பேரும் மரியாதையாகக் கோப்பைகளைப் பார்த்தார்கள்.

"லென்ஸ் குதிர வாயத் தெறக்குமா வாத்தியாரே?" என்றார் அந்தப் பெரியவர்.

"தெறக்காது," என்றேன். கோப்பையைக் கீழே வைத்தேன். "நான்தான் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். காலையில ஓடினப்ப நான் படம் எடுக்கல, தவறவிட்டுட்டேன். சாயங்காலம் மறுபடி ஓட வச்சேன். அவ வேகமா போயிட்டா. அதனால பிடிக்கச் சொன்னேன். அவளா பிடிக்கல."

 

"பேப்பர் வந்து எத்தன நாளாச்சு?" என்றான் கெமல்.

"எட்டு நாள்."

"உங்கிட்டப் பொண்ணு கேட்டாளா, எழுதச் சொல்லி?"

"கேட்டா."

கெமல் எனக்காக ஊற்றி வைத்திருந்த தேநீரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். எங்கள் ஊரில் அதற்குமேல் ஒரு மனிதனை வெளியே போ என்று சொல்ல முடியாது.

ஷைர்குல் பெட்டியை மூடினாள். அது ஒரே தடவையில் மூடவில்லை. அவள் அழவில்லை. என் கழுத்தில் தொங்கிய கேமராவைக் காட்டினாள்.

"படம் எடுக்கத்தானே வந்தீங்க வாத்தியாரே? எடுங்க. எட்டுப் பேரு, கொண்டுவந்த தோட்ட மடியில வச்சுட்டு எந்திரிச்சுப் போறோம். இத விட நல்ல படம் கெடைக்குமா? எடுங்க."

பெகாயிம் என்னைக் கடந்து உள்ளே போனாள். அவள் நன்றி சொல்வாள் என்று எனக்குள் எங்கோ ஒரு மூலை எதிர்பார்த்திருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

முற்றத்தில் ஆட்டை அவிழ்த்துத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. மறுக்கப்பட்ட வீட்டில் ஆட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. உறவினர்கள் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். எல்தியார் தனியாக ஆட்டோடு போராடிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பின்னங்கால்களைப் பிடித்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வளர்ந்த கிடா, கனம். இருவரும் தூக்கி காரின் பின்பெட்டியில் கிடத்தினோம். அது உதைத்ததில் என் கேமரா காரின் விளிம்பில் மோதியது.

அவன் மூச்சு வாங்கினான். "நான் அந்தக் கடைசியில நின்னேன் சார். நீங்க அவகிட்டப் பேசுனது காதுல விழல."

"தெரியும்."

"ஓடறப்ப அவ வேகம் கொறைஞ்சுது. எனக்குன்னு நெனச்சேன்." சட்டையில் ஒட்டிய ஆட்டு மயிரைத் தட்டினான். "அவ சிரிச்சா. அந்தப் படத்துல அவ சிரிக்கறாளே சார்."

எதையும் விளக்கிச் சொல்ல எனக்குப் பிடிக்கும். இருபது வருடமாக அவனைப் போன்ற பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்விக்கும் நான் தெரியாது என்று சொன்னதில்லை. இதற்கும் பதில் தெரியும்.

"சிரிக்கவும் நான்தான் சொன்னேன்," என்றேன்.

அவன் தலையாட்டினான், வகுப்பில் ஒரு கணக்கு புரிந்தவன்போல. பிறகு பின்பெட்டியின் கதவை இழுத்துச் சாத்தினான். ஆட்டின் வயிறு இடித்து அது பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை உள்ளங்கையால் அழுத்தி, ஆட்டுக்கு வலிக்காமல், மெதுவாகச் சாத்தினான்.