இளக்குத் தொட்டி

என் மனைவி ரோசம்மாவின் முழங்காலில் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் ஊசி குத்தியபோது அவள் மணிக்கட்டால் என் கையை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் மடங்கி நாளாயிற்று. நேரு இறந்த வருடத்துப் பம்பாய் மழை ஆஸ்பத்திரிக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ஊசிக்குழாயில் ஏறிய நீர் கலங்கிய கஞ்சித் தண்ணீர் போல இருந்தது.

"நல்ல மூட்டு நீர்னா முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். இது தண்ணியா ஒழுகறது பாரு," என்றார் டாக்டர். மாதுங்காக்காரர். தமிழ் பேசும் நோயாளி என்றால் கொஞ்சம் நின்று பேசுவார். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பொடிப்பொடியா பை இருக்கு. அதுக்குள்ள என்சைம்னு ஒண்ணு. பை கிழிஞ்சா அது வெளியில வந்து மூட்டையே ஜீரணம் பண்ண ஆரம்பிச்சுடறது. அதான் வீக்கம், சூடு. வெளிநாட்டுல இப்பத்தான் இதைப் பத்தி எழுதிண்டிருக்கா."

என்சைம் என்ற அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. தாராவியில் நான் வேலை செய்யும் தோல் கம்பெனியில், சுண்ணாம்பு நீக்கிய தோலை இளக்குத் தொட்டியின் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு ஒரு பொடி தூவுவோம். மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த பொடி. தோலின் விறைப்பைத் தின்று துணிபோல ஆக்கிவிடும். அசந்தால் தோல் கூழாகிப் போகும். அந்த டின்னின் மேல் இதே பெயர்தான் எழுதியிருக்கிறது என்று முதலாளி இனாயத்துல்லா பாய் சொல்லியிருக்கிறார்.

"சார், எங்க தொட்டியில போடுற பொடியும் அதானா?"

"அதே ஜாதிதான்ப்பா," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தை என்னோடு பஸ்ஸில் ஏறி வீடுவரைக்கும் வந்தது. முழங்கை வரைக்கும் அந்தத் தண்ணீரில் ஊறிய கையோடுதான் தினமும் வீட்டுக்கு வருகிறேன். காலையில் ரோசம்மாவின் விரல்கள் விறைத்துக் கிடக்கும். வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நான் நீவிவிட்ட பிறகுதான் அவளால் கரண்டி பிடிக்க முடியும். அப்படியென்றால், நாள்தோறும் அவள் மூட்டில் பொடியைத் தேய்த்துவிட்டது நானேதான்.

மறுநாள் நான் நீவவில்லை. பக்கத்துக் குடிசைப் பேராச்சியை நீவச் சொன்னேன். என் தட்டைத் தனியே ஒதுக்கினேன். சாரல் அடித்தாலும் வாசலில்தான் படுத்தேன். கம்பெனிக் குழாயில் கார சோப்புப் போட்டுத் தோல் உரியக் கை கழுவினேன். தொட்டிக்குள் குனியும்போதெல்லாம் அவளுடைய மூட்டு அதற்குள் மிதப்பது போலிருந்தது.

"என்னவே லாசரு, கைய இந்த உரசு உரசுதீரு?" என்றார் இனாயத்துல்லா பாய். "அஞ்சு வேள தொழுகைக்கு ஒளு செய்யுற நானே இப்படிக் கழுவ மாட்டேனே!"

"என்னைய தோலுக்கு உப்புப் போடுற பக்கம் மாத்திவிடுங்க பாய்."

"உம்ம கட்டைவிரலு இல்லாம தொட்டியில பதம் யாருவே பாப்பா?"

பதம் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தோலில் கட்டைவிரலை அழுத்தி எடுக்க வேண்டும். தடம் அப்படியே நின்றால் பொடி வேலையை முடித்துவிட்டது. உடனே அலச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தால், ரோசம்மாவின் அண்ணன் வேதமுத்து செம்பூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் டிரங்குப் பெட்டி.

"இவள ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன் மாப்ள. தொடக் கூசுற வீட்டுல எதுக்கு இருக்கணும்?"

"அப்ப ஆஸ்பத்திரி?"

"அதெதுக்கு?" என்றாள் ரோசம்மா. "ஊசி குத்துன வலி போயிட்டு. நீரு தட்ட ஒதுக்குன வலிதான் போகல. கோணக்கைக்காரிய வச்சு ஏன் குடும்பம் நடத்துதீரு? பேராச்சி நல்லாத்தான் நீவுதா. அவளக் கட்டிக்கிடும்."

வெந்நீர்ச் சட்டியோடு உள்ளே வந்த பேராச்சி, "ஆத்தாடி! எனக்கு இருக்கது ஒண்ணே போதும்," என்று சட்டியை வைத்துவிட்டு ஓடினாள்.

எனக்கு மறைக்கத் தெம்பில்லை. டாக்டர் சொன்னது, தொட்டி, பொடி, என் கை, எல்லாவற்றையும் சொன்னேன். ரோசம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கை எம்புட்டுக் காலமா அந்தத் தண்ணியில கெடக்கு?"

"பம்பாய்க்கு வந்ததுலருந்து."

"பெறவு உம்ம விரலு ஏன் கோணல? எங்க அக்கா தோல் கம்பெனியக் கண்ணால கண்டதில்ல. அவளுக்கும் இதே வீக்கம். எனக்குள்ள இருக்கதுதான் கிழிஞ்சு வருதுன்னு டாக்டரு சொன்னாருல்லா? நீரு எதக் கேட்டீரு?"

வேதமுத்து சிரித்துவிட்டார். காலால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையிலிருந்து வந்தது என்றால் வேலையை விட்டிருப்பேன். தோலுக்குப் பதம் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிப் பொடியின் வேலையை நிறுத்திவிடுகிறோம். இவளுக்குள் இருப்பதை எதை விட்டு அலசுவது? டாக்டர் தரும் ஆஸ்பிரின் வீக்கத்தைக் கொஞ்சம் இறக்குகிறது. ஆனால் அதை முழுங்கினால் காதுக்குள் வண்டு பறக்கிறது என்கிறாள். வீக்கம் திரும்பவும் ஏறுகிறது.

"வெந்நி ஆறுது," என்றாள்.

அவள் கையை எடுத்துச் சட்டிக்குள் வைத்தேன். தண்ணீரை விட மூட்டுதான் சுட்டது. என்னையறியாமல் என் கட்டைவிரல் அவளுடைய மணிக்கட்டு வீக்கத்தில் அழுந்தியது.

"என்ன, பதம் பாக்குதீரா?"

விரலை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். குழி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மேலே வந்தது.

"இன்னும் வரல," என்று சொல்லிவிட்டுச் சுண்டுவிரலிலிருந்து நீவ ஆரம்பித்தேன்.