தக்காளிச் சோறு கவிழ்ந்த பிறகு

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. எட்டுக் குறிப்புகள் எழுதத்தான் உட்கார்ந்தேன். கோவில்பட்டியில் ஒரு மாத இதழ் நடத்தும் பூவனநாதன் போனில் கேட்டார். "அண்ணாச்சி, காலேஜ் பிள்ளைகளுக்குச் சிக்கனமா சமையல், கூடவே ரூம்லயே செய்யுத கைவேலை. எட்டு குறிப்பு போதும். கதை கிதைன்னு ஆரம்பிச்சிராதீங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் நல்ல பிள்ளையாகத்தான் தொடங்கினேன். பாருங்கள்:

குறிப்பு ஒன்று: சின்ன மின்சாரக் குக்கர் ஒன்று இருந்தால் போதும். கீழே சோறு வேகும்போதே மேல்தட்டில் முட்டையும் வெந்துவிடும்.

குறிப்பு இரண்டு: பருப்பு நன்றாகக் கொதித்ததும் பாத்திரத்தை மூடி, கந்தல் திணித்த துணிப்பைக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள். பாதி வேக்காட்டை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும்.

குறிப்பு மூன்று: சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க, தீக்குச்சிகளை அடுக்கி ஒட்டி ஒரு பிரிமணை

அவ்வளவுதான். அதற்குமேல் ஓடவில்லை. ஒட்டுவது யார்? அந்தப் பிரிமணையைச் செய்ய ஒரு கை வேண்டியிருந்தது. கையை எழுதினேன், நகத்தில் மைதாப் பசை காய்ந்திருந்தது. கையைத் தொடர்ந்து அவளும் வந்துவிட்டாள். பெயர் பொன்மணி. பி.காம். இரண்டாம் ஆண்டு.

பூவனநாதன் மன்னிக்க வேண்டும்.

2.

தொடக்கம் (அ): கரிசல் காட்டின் மேல் வெயில்

[அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் வெயிலில்தான் தொடங்குகிறார்கள். வெயிலுக்கே அலுத்துப் போயிருக்கும்.]

தொடக்கம் (ஆ): பொன்மணி ஒரு ஏழைப் பெண்.

[இதையும். இப்படி எழுதினால் அவள் என்னோடு சண்டைக்கு வருவாள். அம்மா புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் யூனிட்டில் நைட்டி தைக்கிறாள். கை இறுக்கம்தான், ஆனால் யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை.]

தொடக்கம் (இ), இது நிற்கட்டும்: ஆகஸ்ட் மாதம் பரீட்சை ஹாலில், இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் நடுவே, பொன்மணி மயங்கி விழுந்தாள்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சாப்பிடவில்லை. முதல் வருடம் புதியம்புத்தூரிலிருந்து கோவில்பட்டிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தபோது காலைச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்ததில்லை. இரண்டாம் வருடம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி அறையில், வகுப்புத் தோழி ஆஸ்லினோடு தங்கினாள். இப்போது நேரம் இருந்தது, சமைக்கத் தெரியவில்லை. காலையில் டீயும் பன்னும். மதியம் ஒரு கடலைமிட்டாய். இரவில் பசி தெரியாமல் இருக்கச் சீக்கிரமே படுத்துவிடுவாள். ரத்தம் குறைந்துவிட்டது என்றார் டாக்டர்.

அம்மா பத்திரகாளி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஒரு மாசம் தாரேன். நான் வந்து பாக்கும்போது நீயாப் பொங்கி நீயாத் தின்னுகிட்டு இருக்கணும். இல்லன்னா பெட்டியக் கட்டு. என் பக்கத்து மிஷின் சும்மாதான் கெடக்கு. படிச்சது போதும்."

கதையின் முடிச்சு இவ்வளவுதான். ஒரு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாப்பாடு. அது சரியில்லை என்றால் பொன்மணிக்குக் கல்லூரி இல்லை.

3.

பத்திரகாளியைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது.

முதல் வரைவில் அவளைக் கொடுமைக்காரியாக்கினேன். "பத்திரகாளி பெயருக்கேற்ற" என்று ஒரு வாக்கியம் தொடங்கி, வெட்கப்பட்டு அடித்தேன். மகளைப் படிக்கவிடாத தாய் என்று எழுதுவது சுலபம். வாசிக்கிறவர்களும் உடனே பொன்மணி பக்கம் வந்துவிடுவார்கள். ஆனால் அந்த மிஷினில் உட்கார்ந்திருப்பவளை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பக்கத்தில் காலி மிஷின். மகள் அங்கே உட்கார்ந்தால் தினமும் மதியம் அவள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கலாம். படிப்பின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பிள்ளை தரையில் கிடந்ததாகப் போனில் கேட்ட அந்த ஒரு நிமிஷத்தை அவளால் தாண்ட முடியவில்லை. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன். அவளைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் கொடுத்தேன்.* எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பாள்.

* கொடுத்தது நான் இல்லை, அவள் வேலை. தைத்து முடித்த உருப்படியை உள்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் கட்டோடு சேர்ப்பார்கள். வெளிப்பக்கம் எல்லாத் துணியும் அழகாகத்தான் இருக்கும்.

4.

அந்த ஒரு மாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமைக்கப் பழகுவதை விரிவாக எழுதினால் அது மறுபடி எட்டுக் குறிப்புகளாகிவிடும்.

ஆஸ்லின் விளாத்திகுளம் பக்கத்துப் பெண். வாய் ஓயாது. அவளிடம் ஒரே சட்டம்தான் இருந்தது: எது எப்படி வந்தாலும் இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டே தீர வேண்டும். முதல் வாரம் கஞ்சியாகிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள். இரண்டாம் வாரம் உப்பை மறந்தார்கள். மூன்றாம் வாரம், பத்திரகாளி தரை துடைக்க என்று அனுப்பியிருந்த வெட்டுத்துணிகளைப் பொன்மணி ஒட்டுப்போட்டு ஒரு பை தைத்து, அதற்குள் கந்தலைத் திணித்தாள். கொதிக்கும் பருப்பை அதில் வைத்துக் கட்டிவிட்டு வகுப்புக்குப் போனால், மதியம் வரும்போது வெந்திருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் குக்கரைச் சுற்றி ஆடினார்கள் என்று எழுத ஆசை. மாடி அறை, கீழே வீட்டுக்காரர்கள். கைதட்டிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் மூன்று நாள் உளுந்தஞ்சோறு. அரிசியும் தோல் உளுந்தும் பூண்டும் ஒரே பாத்திரத்தில். தேங்காய் வாங்கக் கட்டுப்படியாகாத நாளில் ஆஸ்லின் வறுத்த நிலக்கடலையை இடித்துத் தூவினாள். அதுவே பிறகு பழக்கமாகிவிட்டது. நான்காம் வாரம் பொன்மணி கல்லூரியில் மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை.

ஆனால் அம்மா வரும் ஞாயிறுக்கு அவள் போட்ட திட்டம் வேறு. தக்காளிச் சோறு, அதன்மேல் முட்டை, மேஜை மேல் கையால் செய்த பிரிமணை.

"ஏட்டி, எதுக்கு இந்தச் சீனு? அவியளுக்கும் உளுந்தஞ்சோறே வச்சிக் குடேன்" என்றாள் ஆஸ்லின்.

"போ, ஏட்டி. ஒரு மாசமா என்ன பழகுனன்னு கேட்டா உளுந்தஞ்சோத்தையா காட்டச் சொல்லுத? அதச் சின்னப்பிள்ளையே வைக்கும்."

இந்த இடத்தில் பூவனநாதன் மறுபடி அழைத்தார். எட்டாவது குறிப்புக்கு வந்துவிட்டீர்களா என்று கேட்டார். பெண் ஒருத்தி தப்புப் பண்ணப் போகிறாள், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "எத்தனை வார்த்தை வரும்?" என்று மட்டும் கேட்டார் அவர்.

5.

அந்தத் தப்பு இதுதான். அடுத்த தெருவில் ஒரு சின்னத் தீப்பெட்டி யூனிட். கழிவுக் குச்சிகளைச் சாக்கில் போட்டு வெளியே வைத்திருப்பார்கள், அடுப்புக்கு வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம். பொன்மணியும் ஒரு பை அள்ளிவந்தாள். அதில் வெறும் வெள்ளைக் குச்சிகளும் இருந்தன, ஒரு முனை பளபளவென்றிருந்த குச்சிகளும் இருந்தன. துணிக்காரர் வீட்டுப் பிள்ளை. பளபளப்பாக இருப்பதுதான் உசத்தி என்று அதை மட்டும் பொறுக்கினாள்.*

* மருந்து முக்குவதற்கு முன் குச்சியின் நுனியை மெழுகில் முக்குவார்கள், தீ இறங்கிப் பிடிப்பதற்காக. கோவில்பட்டியில் இது தெரியாதவர்கள் குறைவு. புதியம்புத்தூரில் யாருக்குத் தெரியும்?

குறுக்கும் நெடுக்குமாக நான்கு விரல் உயரத்துக்கு அடுக்கி, மைதாப் பசை தடவி, இரண்டு நாள் காயவைத்தாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நானே ஒரு பத்தி வர்ணித்திருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆஸ்லின் சர்ச்சுக்குப் போய்விட்டாள். பதினோரு மணிக்குப் பத்திரகாளி வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். மகளின் கன்னத்தைப் பிடித்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். துணிப்பையை எடுத்து உள்பக்கம் திருப்பினாள்.

"இதக் கையால தச்சியா?"

"ஆமாம்மா."

"கோணலா ஓடுது."

"பருப்பு வேகுதும்மா."

"வேகும், வேகும்."

குக்கரிலிருந்து உள்பாத்திரத்தை மேல்தட்டோடு துணியால் பிடித்து எடுத்த பொன்மணி, மேஜையோரம் இருந்த பிரிமணை மேல் வைத்தாள். அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தாள். சூட்டில் மெழுகு இளகியது. மெழுகில் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்த பசை விட்டது. ஒரு பக்கம் சரிந்து, பாத்திரம் சாய்ந்து, மேஜையிலிருந்து தரைக்குப் போனது. தக்காளிச் சோறு அறை முழுக்கச் சிதறியது. முட்டைகள் ஓட்டோடு உருண்டு கட்டிலுக்கடியில் போயின.

"கால்ல பட்டிட்டாட்டி?"

"இல்லம்மா."

பத்திரகாளி குனிந்து ஒரு குச்சியை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். விரலில் தேய்த்தாள்.

"மெழுகுல்லா இது" என்றாள்.

6.

இனி நான் என்ன செய்ய? மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

முடிவு (அ): அம்மா பெட்டியை எடுத்தாள். இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பொன்மணி திரும்பிப்

[அடித்தேன். துயரமாக முடித்தால் கதைக்குக் கனம் கூடும் என்று நினைப்பது என்னைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம்.]

முடிவு (ஆ): அம்மா மகளைக் கட்டிக்கொண்டு, "சோறு போனாப் போகுது, நீ படிட்டி" என்றாள். அவள் கண்களில்

[இது அதைவிட மோசம். பிள்ளையின் படிப்பைவிட உயிர் பெரிது என்று வந்தவள், தரையில் கொட்டிய சோற்றைப் பார்த்து எப்படி மனம் மாறுவாள்?]

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது பொன்மணி என்னிடம் கேட்காமலே எழுந்துவிட்டாள்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அழுகை வந்ததே. அவள் தரையைக் கூட்டினாள். அம்மா எழுந்து துடைப்பத்துக்குக் கை நீட்டினாள்.

"நான் கூட்டுதேன், தா."

"வேண்டாம்மா. நீ கட்டில்ல உக்காரு. முக்கா மணி நேரத்துல ஆயிரும்."

"என்ன ஆயிரும்?"

பாத்திரத்தின் விளிம்பு நெளிந்திருந்தது. கழுவித் துடைத்துக் குக்கருக்குள் இறக்கினாள். ஒரு சுற்றுச் சுற்றி அழுத்தியதும் உட்கார்ந்தது. டப்பாவைத் திறந்தாள். தக்காளிச் சோற்றுக்குப் போக மீதி அரிசி, திங்கட்கிழமைக்கு என்று வைத்திருந்தது. உளுந்து. பத்துப் பல் பூண்டு. வெந்தயம், சீரகம். உளுந்தை அந்தப் பாத்திரத்திலேயே வாசம் வரும்வரை வறுத்தாள். தண்ணீரை எதிலும் அளக்கவில்லை, விரலை விட்டுப் பார்த்துக்கொண்டாள். மூடிவிட்டு, கட்டிலுக்கடியில் குனிந்து முட்டைகளை எடுத்துக் கழுவினாள். கடலையை டம்ளரின் அடியால் இடித்தாள். ஒரு தடவைகூட அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. வாரம் மூன்று நாள் செய்கிற வேலை.

பத்திரகாளி முக்கால் மணி நேரமும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை பேசினாள்.

"தேங்கா எங்கட்டி?"

"தேங்கா கெடையாது. நாங்க கடலைதான் போடுவோம்."

அந்த 'நாங்க' எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் எழுதவில்லை, அவளே சொன்னாள்.

7.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொன்மணி முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடித் தனியாக வைத்துவிட்டுத்தான் தட்டுகளில் போட்டாள். பத்திரகாளி முதல் வாயை மென்றாள். பிறகு மகளின் தட்டைப் பார்த்தாள். மகள் தலை நிமிராமல், பசித்த பிள்ளை சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தாய்க்கு அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும். கொஞ்ச நேரம் தன் தட்டையே மறந்துபோனாள்.

"சட்டியில இன்னும் இருக்கா?"

"அந்தக் கிண்ணம் ஆஸ்லினுக்கு. அது போக ரெண்டு கரண்டி இருக்கும்."

"போடு."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கட்டிலுக்கடியில் பெட்டி இருந்தது. அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அந்த வாக்கியத்தை நான் எழுதப் போவதில்லை. தெரியாமல் இல்லை. நான் எழுதினால் நீங்கள் அதைப் படித்துவிட்டு, நல்ல முடிவு என்றோ சப்பென்று போச்சு என்றோ சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதற்காகவா பொன்மணி முக்கால் மணி நேரம் நின்றாள்?

அதனால் இப்படிச் செய்யுங்கள். அரிசி இரண்டு பங்கு, தோலோடு உடைத்த உளுந்து ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு. உளுந்தை வறுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், கொஞ்சம் சீரகம், உப்பு. எல்லாம் ஒரே பாத்திரத்தில். வெந்ததும் வறுத்த கடலையை இடித்து மேலே தூவுங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாதிச் சாப்பாட்டில், எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயது. கொட்டியதைக் கூட்டிவிட்டு இதைத் திரும்பச் சமைத்தவள். திங்கட்கிழமை அவளுக்கு முதல் வகுப்பு ஒன்பதரைக்கு.

கை கழுவியதும் அவளிடம் என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லிவிடுங்கள். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.