ரீடிங் நோட்டு

அண்ணனின் இரண்டாவது கையையும் சட்டைக்குள் நுழைப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. யார் எந்த வேலை சொன்னாலும் மறுக்காத கை அது. இன்றைக்குத்தான் முரண்டு பிடித்தது. பொத்தான்களைப் போட்டு, காலரை இழுத்துச் சரிசெய்து, அண்ணனின் தலையை மெல்லத் தலையணையில் வைத்தார். உதவிக்குக் கூப்பிட ஆளில்லை. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளியூரில் மகள் வீட்டிலிருந்த தன் மனைவிக்கு அவர் தகவல் சொல்லியிருந்தார், வந்துசேர மாலையாகிவிடும். மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி நான்கு மணிக்கு வரும்.

வெளியே அவர் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர். அண்ணனின் இந்த ஒற்றை அறையில் வெறும் தம்பி. அண்ணன் அதே துறையில் ஆய்வக உதவியாளர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி வேலைக்குச் சேர்ந்து, தம்பியை அதே துறையில் படிக்கவைத்தவர். தம்பி அங்கேயே விரிவுரையாளராக நுழைந்த அன்றைக்கு அண்ணன்தான் முடிவு செய்தார்.

“இங்க நீ சார், நான் அட்டெண்டர். சொந்தம்னு யாருக்கும் தெரிய வேண்டாம். உனக்குத்தான் மரியாதைக் குறைச்சல்.”

அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

மாணவர்கள் அண்ணனுக்கு வைத்த பெயர் ‘ரீடிங் அண்ணன்’. ஆய்வகத்தில் பாதிக் கருவிகள் வேலை செய்யாது. மீதிப் பாதி வேலை செய்வதுபோல் பாவனை காட்டும். செய்முறைத் தேர்வன்று அண்ணன் மேசை மேசையாகப் போய்க் காதோடு காதாக எண்களைச் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே விடை வந்தால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சந்தேகப்படுவாரே! அதனால் முதல் வரிசைக்கு ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு, அடுத்த வரிசைக்குப் புள்ளி நான்கு. அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தார். அந்த எண்களை எழுதித்தான் தம்பியும் முதல் வகுப்பில் தேறினார். பிறகு வாங்கிய முனைவர் பட்டத்துக்கு அஸ்திவாரம் அதுதான்.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அண்ணன் கடைசியாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். “நாளன்னிக்கு பிராக்டிகல். நோட்டு டிரங்குப் பெட்டில இருக்கு. எடுத்துக் குடுத்துடு. புள்ளைங்க தவிச்சுப் போயிடும்.” தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவருக்கு வலித்தது. இத்தனை வருடம் கழித்து எதை எதிர்பார்த்தோம் என்று நினைத்தபோது இன்னும் வலித்தது.

கதவருகே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. துறையில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளன். அவரைப் பார்த்ததும் திகைத்து நின்றான்.

“சார், நீங்களே வந்துட்டீங்களா?”

“காலைலயே வந்துட்டேன்.”

“பெரிய மனசு சார் உங்களுக்கு. ஒரு அட்டெண்டருக்காக யாரு வருவா?”

விரிவுரையாளன் கொண்டுவந்த பூக்களை உடலின் காலடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் கைகட்டி நின்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாது சார். விடிஞ்சா எக்ஸாம். வெளியிலேருந்து எக்ஸாமினர் வந்து இறங்கியாச்சு. பசங்கள்ல மூணு பேருக்கு வேலை கிடைச்சிருக்கு, பாஸானாத்தான் சேர முடியும். அண்ணன் ஒரு நோட்டு வச்சிருப்பாரே...”

அவர் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதற்குக் கீழே நோட்டு. எடுத்து நீட்டினார். விரிவுரையாளன் வேகமாகப் புரட்டினான்.

“அப்பாடா! எல்லாம் இருக்கு சார்.” ஒரு பக்கத்தில் நின்றான். “மீட்டர் பிரிட்ஜ் சோதனைக்குக் கீழ என்னமோ எழுதியிருக்காரே. ‘கால்வனோமீட்டர் முள் நகரவில்லை. தம்பியிடம் சொல்லியாச்சு.’ தேதி போட்டிருக்கு. அடுத்த வருஷமும் இதேதான். அதுக்கடுத்த வருஷமும்... பதினோரு வருஷம் சார்! வருஷா வருஷம் நிஜமாவே ரீடிங் எடுத்துப் பாத்திருக்காரு மனுஷன்.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரு சார் இந்தத் தம்பி? சரியான கல்லுளிமங்கனா இருப்பான் போல.”

ஒவ்வொரு வருடமும் இந்த அறையில் சாப்பிடும்போதுதான் அண்ணன் சொல்வார். ‘அந்த முள்ளு நகர மாட்டேங்குதுடா, புதுசு ஒண்ணு வாங்கிப் போடேன்.’ ‘பாக்கலாம்ணே’ என்பார் இவர். மறுநாள் அலுவலகத்தில் கோப்பு வந்தால் ‘அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் அதை நினைத்ததே இல்லை.

“நான்தான்” என்றார்.

“சார்?”

“அந்தத் தம்பி நான்தான். இவர் என் கூடப் பிறந்த அண்ணன்.”

விரிவுரையாளன் நோட்டை மூடினான். அவர் கையை நீட்டினார்.

“நோட்டைக் குடுங்க.”

“அப்ப நாளைக்கு?”

“நான் வர்றேன். இந்தத் தடவை நிஜமாவே எடுக்கட்டும்.”

“ஒண்ணுமே ஓடாதே சார்! பசங்க பாவம் சார்.”

“ஓட வைக்கலாம். போங்க.”

அவன் போய்விட்டான். வீறாப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அண்ணன் கேட்ட கடைசி உதவி, அதையும் செய்யவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வண்டி வரும்வரை அழுதார்.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் அவர் ஆய்வகத்தில் இருந்தார். முந்தைய நாள் இரவு, நகரத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சி ஒரு கால்வனோமீட்டர் வாங்கி வந்திருந்தார். அங்கே முள் துள்ளியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்தார். பல்கலைக்கழகத்துக்குப் பள்ளிக்கூடம் கருவி இரவல் தருவதை எண்ணி திறந்துவிட்ட ஆசிரியை சிரித்தாள். சிரிக்கட்டும்.

மீட்டர் பிரிட்ஜின் மின்சுற்றைக் கரும்பலகையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். இப்போது மேசைமீது அதே படத்தின்படி ஒவ்வொரு கம்பியாக மாட்டினார். சாவியை அழுத்தினார். முள் அசையவில்லை. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினார். அப்போதும் அசையவில்லை. கம்பிகளின் முனையில் மின்சாரத்தை மறிக்கும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தேர்வுக்கு முந்தைய நாள் உட்கார்ந்து அவற்றை உப்புத்தாளால் தேய்ப்பது அண்ணனின் வழக்கம். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, அவருக்கும் தெரியாது.

“குட் மார்னிங் சார்.”

முதல் மேசைக்கான மாணவி சீக்கிரமே வந்துவிட்டாள். வேலை கிடைத்த மூவரில் ஒருத்தி. துறைத் தலைவரே கருவி மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மிரண்டாள்.

“இதுல என்ன தப்புன்னு உனக்குத் தெரியுதாம்மா?”

அவள் கருவியைக் குனிந்து பார்த்தாள். மூன்று வருடமாக இந்த அறைக்கு வந்துபோனவள்.

“தெரியாது சார். நாங்க தொட்டதில்ல.”

அவர் சாவியை மீண்டும் அழுத்தினார், இந்த முறை விரல் வலிக்க. அவள் அட்டவணை போட்ட தாளை அவசரமாக மேசைமேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“ரீடிங் எவ்ளோ சார்? சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

அவர் முள்ளைப் பார்த்தார். அவள் முதல் கட்டத்தின்மேல் பேனாவை வைத்துக் காத்திருந்தாள்.