காதம்மா வரும்வரை

வீடுகளில் படுக்கையோடு கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் தங்களுக்குள் அவளைக் காதம்மா என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும். பராமரிப்பு சரியாக நடக்கிறதா என்று எந்த வீட்டுக்கு மதிப்பீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொன்ன கையோடு நோயாளியின் காது மடலைத் திருப்பிப் பார்ப்பாள். குளிப்பாட்டினோம் என்று நோட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், காதுக்குப் பின்னால் இருக்கிற அழுக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவள் கட்சி. இதனால் ஒரு நன்மை விளைந்தது. அந்த ஊரில் படுத்துக் கிடந்த அத்தனை பேருடைய காதுகளும் பளபளவென்று இருந்தன. மற்ற இடங்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

அன்றைக்கு அவள் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். மூன்று வீடுகளை முடித்தாக வேண்டும். இரண்டாவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு லாரி டிரைவரின் வீடு. அங்கே பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். இப்போது பன்னிரண்டே முக்கால். பழியை முதல் வீட்டு மருமகள் மேல் போடலாமா என்று யோசித்துப் பார்த்தாள். அந்த மருமகள் நல்ல காபி போட்டுக் கொடுத்தாள். "உங்கள மாதிரி ஒருத்தர் வந்து விசாரிக்கிறதே ஆறுதலா இருக்கு மேடம்" என்று உருகினாள். யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்? போன் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது. மதிப்பீடு நடக்கும்போது அப்படித்தான் வைக்க வேண்டும் என்பது விதி. காபி குடிக்கும்போதும் அப்படியா என்று விதியில் எழுதவில்லை.

தெருவுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். ஒரே எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள் வந்திருந்தன. லாரி டிரைவர் வீட்டு எண் அது. கூப்பிட்டு என்ன சொல்வது, நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

கதவைத் திறந்தவள் கிளீனர். லாரி டிரைவர் வைத்த பெயர் அது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களில் நான்கு பேர், பேச்சு திக்கினாலும் வசவு மட்டும் திக்காத அவர் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள். ஐந்தாவதாக வந்த இவள் மட்டும் அவர் திட்டினால் பதிலுக்கு ஒன்று திட்டிவிட்டுத் தலை சீவி விடுவாள். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவருக்குக் கூடவே இருந்து எல்லாம் செய்கிற ஆள் என்றால் கிளீனர்தான். அதைவிடப் பெரிய பட்டம் அவரிடம் இல்லை.

"வாங்கம்மா" என்றாள் கிளீனர்.

லாரி டிரைவர் சக்கர நாற்காலியில் இருந்தார். இரண்டு பக்கமும் தலையணை கொடுத்திருந்தும் உடம்பு இடது பக்கமாகச் சரிந்திருந்தது. மகள் ஆபீசில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு சற்று முன்புதான் வந்திருந்தாள். காதம்மா கை கழுவிவிட்டு வந்து காதைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"சரி, படுக்கைக்கு மாத்துங்க. நான் பாக்கணும்."

கிளீனர் நாற்காலிக்குப் பிரேக் போட்டாள். முழங்காலை அவர் முழங்காலுக்கு அணையாகக் கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்தாள். "கிளம்பலாமாய்யா?"

"ஹாரன்... அடி" என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

ஒரே தூக்கில், ஒரு முனகல் இல்லாமல், அவர் படுக்கையில் இருந்தார். காதம்மா பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாள். இவ்வளவு பதமாக ஒருவரை மாற்றி அவள் பார்த்ததில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் பத்துக்குப் பத்து போட்டாள். அடுத்தது தோல் பரிசோதனை. அவரை ஒருக்களித்துத் திருப்பச் சொல்லி, முதுகுத்தண்டு முடிகிற இடத்தைப் பார்த்தாள்.

அங்கே சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை.

காதம்மா இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"என்ன அது?" என்று மகள் எட்டிப் பார்த்தாள். "படுக்கைப்புண்ணா?"

"ஆரம்பமா இருக்கலாம். ரொம்ப நேரம் ஒரே இடத்துல அழுத்தம் விழுந்தா இப்படி வரும். அரை மணி நேரம் இப்படியே ஒருக்களிச்சுப் படுக்கட்டும். மறுபடி பாக்கணும். மறைஞ்சுட்டா ஒண்ணுமில்ல."

"மறையலன்னா?"

"எழுதணும்."

எழுதினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று பராமரிப்பாளரின் அலட்சியம், இன்னொன்று குடும்பத்தாரின் அலட்சியம். முதல் கட்டத்தில் குறி விழுந்தால் அன்றைக்கே கிளீனர் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். விசாரணை முடிகிறவரை எந்த வீட்டுக்கும் போக முடியாது.

மகள் கிளீனர் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நேரமா உட்கார வெச்சிருந்தீங்க?"

கிளீனர் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "கொஞ்சம் நேரமாயிடுச்சும்மா."

"உங்கள நம்பித்தானே நான் காலையில கதவச் சாத்திட்டுப் போறேன்?"

கிளீனர் அவர் முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்தாள். காதம்மா எழுந்தாள், உட்கார்ந்தாள். ஜன்னலருகே போய், எதிர் மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைக் காரணமில்லாமல் எண்ணினாள். காலையில் கிளீனரிடம் போனில் தான் சொன்னது அவளுக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. 'நாற்காலியில உட்கார வெச்சிருங்க. படுக்கைக்கு மாத்துறத நான் கண்ணால பாக்கணும். நான் வர்றவரைக்கும் படுக்க வெச்சிராதீங்க.' வழக்கமாக எல்லா வீட்டுக்கும் சொல்வதுதான். எல்லா வீட்டிலும் காத்திருப்பார்கள். எத்தனை வீட்டில், எவ்வளவு நேரம் என்று அவள் இதுவரை கேட்டதே இல்லை.

மேசைமேல் தினசரி நோட்டு இருந்தது. சும்மா இருக்க முடியாமல் அதைப் புரட்டினாள். குண்டு குண்டான எழுத்து.

'9.45 நாற்காலி. 11.00 மேடத்துக்குப் போன், எடுக்கவில்லை. 11.30 போன், எடுக்கவில்லை. 11.40 அய்யா வலிக்கிறது என்றார், தலையணை மாற்றினேன். 12.00 போன். 12.20 போன்.'

மூன்று மணி நேரம். அவள் இரண்டாவது காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு வாங்கிக் குடித்தது பதினொன்றரைக்கு இருக்கும். காதம்மா நோட்டை மூடினாள். மூடிய நோட்டின் மேல் தன் பையைத் தூக்கி வைத்தாள்.

மகள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனதும், காதம்மா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றதும்மா? போன வருஷம் வந்த சார்கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னேன். 'ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதிட்டார். ரெண்டு மாசம் வீட்ல உட்கார்ந்திருந்தேன். அந்த ரெண்டு மாசம் அய்யா சரியாவே சாப்பிடலயாம்." ஒருக்களித்துக் கிடந்தவரின் காலுக்கடியில் தலையணையைச் சரி செய்தாள். "இப்ப மறைஞ்சுடும். நீங்க கவலப்படாதீங்க."

தன்னைப் போய் அவள் தேற்றுகிறாள். காதம்மாவுக்கு அவமானத்தில் காது சூடேறியது.

லாரி டிரைவர் கண்ணைத் திறந்தார். "கிளீனர்... எங்கயும்... போகாது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு, நல்ல கையால் கிளீனரின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அரை மணி நேரம் என்பது இவ்வளவு நீளம் என்று காதம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. நடுவில் மூன்றாவது வீட்டிலிருந்து போன் வந்தது. "உங்க அம்மாவ இப்பவே படுக்க வெச்சுடுங்க, நான் வர்றதுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்று சொல்லி வைத்தாள். மறைந்துவிடட்டும், மறைந்துவிடட்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அது அவருக்காகவா, கிளீனருக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஒன்றரைக்கு மறுபடி பார்த்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. அழுத்தினாள். வெளுக்கவில்லை.

"எழுதுங்க மேடம்" என்றாள் மகள். கோபத்தைவிட அவள் குரலில் அழுகைதான் அதிகம் இருந்தது. "நல்லவங்கன்னு நெனச்சேன். இருந்தாலும் எழுதுங்க."

காதம்மா பேனாவைத் திறந்தாள். முதல் கட்டத்தின் மேல் பேனா நின்றது. ஒரு குறி போட்டால் போதும். மூன்றாவது வீட்டுக்குப் போய்விடலாம். மேலதிகாரி கேட்கமாட்டார், மகள் கேட்கமாட்டாள், கிளீனர் வாயைத் திறக்கவேமாட்டாள். அந்தக் கடைசி எண்ணம்தான் அவளைச் சுட்டது.

பையைத் தூக்கிவிட்டு நோட்டைத் திறந்து மகளிடம் நீட்டினாள்.

"இதப் படிங்க. படுக்க வைக்காதீங்கன்னு சொன்னது நான். பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு, இன்னொரு வீட்ல உட்கார்ந்து காபி குடிச்சுட்டு இருந்தேன். நாலு தடவ கூப்பிட்டிருக்காங்க."

மகள் படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை. நோட்டிலிருந்து நிமிர்ந்து காதம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பதினைந்து வருஷத்தில் எத்தனையோ பேரைக் காதம்மா அப்படிப் பார்த்திருக்கிறாள், அவளை யாரும் பார்த்ததில்லை.

"எங்கப்பா வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு" என்றாள் மகள்.

"ஆமாம்."

"நீங்க தயவுசெஞ்சு கிளம்புங்க."

காதம்மா படிவத்தில் இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, அடியில் பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். அதில் குறி போட்டு, பக்கத்தில் 'மதிப்பீட்டாளரின் அலட்சியம்' என்றும் தன் பணி எண்ணையும் எழுதினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே கிளீனர் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் காதம்மா கூசினாள்.

"அடுத்த தடவ வேற யாராவது வருவாங்களாம்மா?"

"வருவாங்க."

"அவங்களும் உட்கார வைக்கச் சொன்னா?"

"யார் சொன்னாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல உட்கார வைக்காதீங்க. நானே வந்து சொன்னாலும் கேக்காதீங்க."

கிளீனர் யோசித்தாள். பிறகு, மகளிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகியிருந்த தினசரி நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

"அத எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. நான் சொன்னா யாரு நம்புவா?"

காதம்மா சுவரில் நோட்டை அணைத்து வைத்து எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கிளீனர் அதை வாங்கி, விரல் வைத்து, வரிவரியாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு நோட்டைத் திருப்பி நீட்டினாள்.

"நீங்க வந்த நேரம் போடலையே."