பேசாமல் ஏறிய விலை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டின் பிழைப்பே என் வாய்தான். நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து திரைத்துணிக் கடை நடத்துகிறோம். கணக்கு அவனுக்கு, பேச்சு எனக்கு. ஒற்றை ஜன்னல் வீட்டுக்காரருக்கு மூன்று ஜோடித் திரை விற்று, நன்றியும் வாங்கிக்கொண்டவன் நான்.

முதலில் தொலைந்தது கத்தரிக்கோல். பொருள் மேசைமேல்தான் கிடந்தது, பேர்தான் போய்விட்டது. கையைக் காட்டி, அதை எடுங்கள் என்று தையல்காரரிடம் சொல்லிச் சமாளித்தேன். பிறகு துணிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கைப்பேசியில் தட்டினேன்: 'துணி வெட்டுவது, விரல் நுழைக்க வளையம், பெயர் என்ன'. படத்தோடு வந்தது. அட, இதுதானே என்று உள்ளே ஏதோ தட்டியது. வயதாகிறது, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மனது தேறியது, வாய் தேறவில்லை. ஆள் எதிரில் நிற்கும்போதே சொல் வராமல் விழிப்பேன். வேடிக்கை என்னவென்றால், வந்தவர்கள் அதை விலை கட்டுப்படியாகாதவனின் மௌனம் என்று எடுத்துக்கொண்டார்கள். 'கொக்கி' என்ற சொல்லுக்காக நான் உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருக்க, விடுதி மேலாளர் ஒருவர் தாமாகவே விலையை ஏற்றிக் கேட்டு வாங்கிப்போனார். மைத்துனனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மச்சான் இப்போது வாயை மூடியே விற்கிறார் என்று கடைத்தெரு முழுக்கப் பரப்பினான். நானும் சிரித்துவைத்தேன்.

இன்று மதியம் ஒரு இளம் தம்பதி வந்து, திரைக்குப் பொருத்தமாகப் படுக்கைக்கும் தைத்துத் தருவீர்களா என்றார்கள். அந்தப் பெண் கன்னத்தைக் கையில் சாய்த்துக் காட்டியது எனக்குப் புரிந்தது. பேர் வரவில்லை. பின்னால் போய்த் தட்டினேன்: 'தூங்கும்போது தலைக்கு வைப்பது'.

தலையணை என்று வந்தது. எழுத்துகள் எல்லாம் தெரிந்தன. சொல் தெரியவில்லை. யாரோ இப்போதுதான் உண்டாக்கிய சொல் மாதிரி இருந்தது. உள்ளே எதுவும் தட்டவில்லை. பொருள் தேடினேன். 'பஞ்சு அடைத்த உறை' என்று விளக்கம் வந்தது. உறைக்கும் பொருள் தேடினேன்.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், அவங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க. இங்க ஒளிஞ்சு யார்கூட கொஞ்சல்?"

சொல்லிவிடத்தான் நினைத்தேன். உன் அக்காவுக்கு மட்டும் இப்போது தெரிய வேண்டாம் என்றும் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அவன் சிரித்தான். "என்கிட்டயேவா? நான் விலைய ஏத்த மாட்டேன், மச்சான்."

அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் உதிர்ந்தது. கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கினான். நான் தட்டிய வரியைப் படித்தான். தலையணைப் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மச்சான், நான் யாரு? என் பேரச் சொல்லுங்க."

தெரியாமலா? என் மனைவியோடு பிறந்தவன். அவளுக்கு இளையவன். கணக்குப் பார்ப்பவன்.

கைப்பேசியைக் கொடு என்று கையை நீட்டினேன்.