சொர்ணவல்லியின் பிரெஞ்சு

1963 ஆவணியில் கல்லல் ஸ்டேஷனில் நின்ற காரைக்குடி பாசஞ்சர், கண்டரமாணிக்கத்துச் சொர்ணவல்லி பிரெஞ்சில் 'இன்னும் இல்லை' என்று சொல்லிவிட்டதால் கிளம்பவில்லை. பச்சைக்கொடி காட்டியாயிற்று, விசிலும் ஊதியாயிற்று. புகைபோக்கிக்கு மேலே கரும்புகை கலையாமல் அப்படியே நின்றது.

அவளுக்குப் பிரெஞ்சு வந்த கதை சின்னது. புருஷன் சிவசங்கரன் தச்சு ஆசாரி. சைகோனில் ஒரு செட்டியாருக்குக் கதவு, நிலை செய்யப் போனவர், அங்கேயே தங்கி, சில வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோனார். அங்கே நாளையும் பொழுதையும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாவது தெரிந்துகொள்வோமே என்று, பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் சைகோனில் சமையல்காரராக இருந்து ஊர் திரும்பிய நாகநாதனிடம் போய் அவள் கேட்டாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேரத்தைச் சொல்லும் வார்த்தைகள்தான். விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் சமையல்காரரிடம் சாப்பாடு எப்போது என்பதைத் தவிர வேறு எதைக் கேட்டார்கள்? நேற்றைக்கு 'யேர்', நாளைக்கு 'தமேன்', இப்போதைக்கு 'மேந்த்னான்', இன்னும் இல்லை என்பதற்கு 'பாஸாங்கோர்' என்று அடுப்பை ஊதிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னால் வெறும் வார்த்தை. அவள் 'தமேன்' என்றால் மறுநாள் பூக்கவேண்டிய பிச்சிமொட்டு அப்போதே விரிந்தது. 'யேர்' என்றால் மாவின் புளிப்பு இறங்கியது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவு புளித்துப்போன வீட்டார் மட்டும் வந்து கூப்பிட்டார்கள்.

ஆவணியில் புறப்பட்ட சிவசங்கரன், ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே, "சரி, போறேன்" என்றார். நம் பக்கத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்கூட அப்படிச் சொல்லமாட்டார். பிளாட்பாரத்தில் முறுக்கு விற்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவள் 'பாஸாங்கோர்' என்று சொல்லி வண்டியை நிறுத்திவைத்தாள்.

"போயிட்டு வாரேன்னு சொல்லுங்க."

அவர் குனிந்து உளிப்பையின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். ஏறியிருந்தவர்கள் கெஞ்சினார்கள், அதட்டினார்கள். ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நாக்கா தேய்ந்துவிடும்? ஆசாரி பொய்க்கணக்கில் உளி பிடிக்காதவர், பேச்சிலும் அப்படித்தான். "சொல்ல முடியல, சொர்ணம். அங்க ஒருத்தி இருக்கா. ரெண்டு பிள்ளைக" என்றார். அவள் அதற்கும் அசையவில்லை. அவர் சொல்லும்வரை நிற்கட்டும் என்று இருந்தாள்.

அடுத்த பெட்டியில் ராமுத்தாய் என்றொரு பிள்ளைத்தாய்ச்சி, காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். வலி வந்த இடத்திலேயே நின்றுவிட்டது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அக்கா, ஒண்ணு பிறக்கணும், இல்ல வலி நிக்கணும். இப்படியே எம்புட்டு நேரந்தான் கெடக்குறது?" என்று கத்தினாள். சொர்ணவல்லி அவளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். 'மேந்த்னான்' என்றாள். வண்டி கிளம்பியது. தேவகோட்டை ரோடு தாண்டும்போது ராமுத்தாய்க்குப் பிள்ளை பிறந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

சொர்ணவல்லி அழுதபடியே நேரே நாகநாதன் வீட்டுக்கு நடந்தாள். "அண்ணே, இனிமே ஒருநாளும் இல்லேங்கிறதுக்கு என்ன வார்த்தை?"

"அது வேணாம் தாயி. சோத்துக்கு யாரும் அதைச் சொல்றதில்ல" என்றார். விடாமல் கேட்டதும் கொடுத்துவிட்டார். 'ஜமே'. அவள் தன் வீட்டு வாசலில் நின்று, இந்த வாசலுக்கு அவர் ஜமே என்று ஒருதரம் சொன்னாள். அதற்குப் பிறகு தபால்காரரின் மணி கேட்டால் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. மாடு வாங்கினாள், பால் ஊற்றினாள், கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டாள். நாகநாதன் காலமானார். ராமுத்தாயின் மகன் பள்ளிக்கூடம் போனான்.

1975இல் வியட்நாம் போர் முடிந்து சைகோன் கைமாறியது. அங்கே இருந்தவளும் பிள்ளைகளும் தம் மண்ணைவிட்டு வரமாட்டோம் என்றுவிட, சிவசங்கரன் ஒரு தகரப்பெட்டியோடு கண்டரமாணிக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவில் நடந்தார். வீடு கண்ணுக்குத் தெரிந்தது. நடந்தார், நடந்தார், வீடு இருந்த தூரத்திலேயே இருந்தது. பொழுது சாய்ந்தது, விடிந்தது, இன்னும் நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் கதவைச் சாத்துவாள் என்று பாதித்தெரு நினைத்தது, ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று மீதித்தெரு நினைத்தது. அவள் ஒரு சொம்பில் கஞ்சியும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். அவரால் அவளிடம் வரமுடியவில்லை, அவளால் அவரிடம் போகமுடிந்தது. கிழடு தட்டியிருந்தார். அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அந்த வண்டியக் கெளப்புன வார்த்தையச் சொல்லேன், சொர்ணம். வீட்டுக்கு வந்துர்றேன்."

"சொல்லலாம்."

"எப்ப?"

அவள் நேரத்துக்குத் தெரிந்த வார்த்தை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். "தெரியல. கஞ்சியக் குடிங்க" என்றாள்.

அன்றுமுதல் வேளை தவறாமல் சோறு தெருவுக்குப் போனது. மழைக்குக் குடையும் போனது. 1977இல் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், வீட்டுக்காரர் எங்கே என்று அவளிடம் கேட்டார்கள். "வந்துக்கிட்டு இருக்காக" என்று தெருவைக் காட்டினாள். அவர்கள் போகிற வழியில் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டு, ஓட்டுக் கேட்டுவிட்டுப் போனார்கள்.