வயிற்றில் ஒட்டிய தூள்

மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மேசைமேல் கிடந்த படிவத்தில் கடைசிக் கட்டம் மட்டும்தான் காலி. 'தேனீக்களுக்குப் பாதிப்பு இல்லை' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே ஒரு கையெழுத்து விழ வேண்டும். விழுந்தால், பூச்சிக்கொல்லித் தூள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்கும் லாரி மூன்று மணிக்குக் கிளம்பிவிடும்.

கையெழுத்துப் போட வேண்டியவளுக்கு அந்தச் சோதனைக்கூடத்தில் 'நிதானம்' என்று பெயர். ஒரு சொட்டை அளக்க மூன்று தடவை குனிந்து பார்ப்பாள் என்பதால் வைத்த பெயர். காப்பிக்குச் சர்க்கரை போடக்கூடத் தராசைத் தேடுவாள் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவளும் காதில் வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போவாள். ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். இந்தப் படிவம் போனதும் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு கைக்கு வரும் என்று மேலாளர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். கணவரின் பட்டறையை மூடி நான்கு மாதமாகிறது. வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

சோதனையிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரைப் பாகில் தூளைக் கலந்து, பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இரண்டு நாள் குடிக்கக் கொடுத்திருந்தாள். நூறில் இரண்டு செத்தன. வெறும் பாகு குடித்த நூறிலும் இரண்டுதான் செத்தன. அப்புறம் என்ன யோசனை? பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

பாத்திரம் கழுவும் அக்கா கையுறையோடு வந்து நின்றாள்.

"நிதானம்மா, இந்தக் கிண்ணத்தைப் பாரேன். எவ்வளவு தேச்சாலும் அடியில இருக்கிறது போக மாட்டேங்குது."

தேனீக்களுக்குப் பாகு வைத்த கிண்ணம் அது. அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு படிவு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"எல்லாக் கிண்ணத்துலயும் இப்படியாக்கா?"

"தூள் கலந்த நாலுலயும்தான். மத்ததெல்லாம் பளிச்சுனு இருக்கு."

நிதானம் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அது சாதாரணத் தூள் இல்லை. இலைமேல் பல நாள் தங்க வேண்டும் என்று, விஷத்தைக் கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு மணிகளுக்குள் அடைத்துச் செய்தது. அந்த மணிகள் பாகில் கரையவில்லை. அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. தேனீக்கள் மேலே தெளிந்து நின்ற பாகை உறிஞ்சிவிட்டுச் சுகமாக இருந்திருக்கின்றன. மூன்று தடவை குனிந்து அளந்தவள், கிண்ணத்தை வைத்த பிறகு ஒரு தடவைகூடக் கலக்கிவிடவில்லை. இரண்டு நாளாக அவள் சோதித்தது வெறும் சர்க்கரையைத்தான்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

தப்பு நடந்துபோயிற்று, இன்னும் இரண்டு நாள் கேட்கலாம் என்று முதலில் நினைத்தாள். அடுத்த நிமிடமே வேறொன்று உறைத்தது. இந்தத் தூள் வயலில் பாகுக் கிண்ணத்திலா கிடக்கப் போகிறது? பூவில் அல்லவா கிடக்கும். தேனீ அதை உடம்பால் அல்லவா வாரும். இரண்டு பக்கப் படிவத்தில் பூ என்ற சொல்லே எங்கும் இல்லை என்பதை ஆறு வருடத்தில் அன்றுதான் அவள் கவனித்தாள்.

மூடியுள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் ஓடினாள். அங்கே சோதனைக்காகப் போட்ட துவரைப் பாத்தி பூத்து நின்றது. செடி கருகுகிறதா என்று பார்க்க மூன்று வாரம் முன்பும் நேற்றும் அதே தூளை அதன்மேல் தூவியிருந்தார்கள். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. தேனீயைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

ஒரு காட்டுத் தேனீ வந்து இறங்கியது. இலைவெட்டித் தேனீ என்பார்கள். அதற்குக் கூட்டமும் கிடையாது, ராணியும் கிடையாது. இலையை வட்டமாக நறுக்கித் தானே கூடு கட்டித் தன் பிள்ளைகளைத் தானே காக்கும் ஒண்டிக்காரி. பூவின் கீழிதழை அது கால்களால் அமுக்கியதும் உள்ளே மறைந்திருந்த மகரந்தத் தண்டுகள் எம்பி அதன் வயிற்றில் அடித்தன. நிதானம் குப்பியால் மூடினாள்.

பனிக்கட்டித் தட்டில் வைத்ததும் தேனீ அசைவற்று மயங்கியது. நுண்நோக்கியில் குனிந்தாள். பெட்டித் தேனீ மகரந்தத்தைத் தேன் தொட்டுப் பிசைந்து, பின்னங்காலில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு போகும். இதற்கு அந்த வசதி இல்லை. வயிற்றின் அடி முழுவதும் கெட்டியான முடி வரிசை வரிசையாகப் பின்பக்கம் சாய்ந்து, தூரிகை மாதிரி இருந்தது. மகரந்தம் அதில் நனையாமல் உலர்ந்தபடியே செருகிக்கொள்ளும். மார்பிலும் முகத்திலும் இருந்த முடிகள் கிளைகிளையாகப் பிரிந்திருந்தன. பறக்கும்போது உடம்பில் ஏறும் மின்னூட்டம் வேறு, பூத்தூளைத் தொடாமலே இழுத்துக்கொள்ளும். பூ கொடுப்பதில் ஒரு துளி சிந்தாமல் வாங்கிக்கொள்ள வாய்த்த உடம்பு. அந்த உடம்புதான் இப்போது மகரந்தத்தோடு மகரந்தமாக, அதே அளவில், அதே உருண்டையில் வேறு மணிகளையும் வாரி வைத்திருந்தது. ஊசியால் தொட்டபோதுதான் அவளுக்கே வித்தியாசம் தெரிந்தது.

தேனீயைக் குப்பிக்குள் விட்டு மூடி மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி பின்பக்கம் ஓடினாள். அங்கிருந்த கொட்டகை மூலையில் கொடிகளுக்கு ஊன்றுகோலாக வாங்கிய நாணல் கட்டு சாய்ந்திருந்தது. அதன் துளைகளில்தான் இந்தத் தேனீக்கள் குடியிருந்தன. இலையால் அடைத்த ஒரு நாணலை எடுத்துக் கத்தியால் பிளந்தாள். உள்ளே ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் தாய் சேர்த்து வைத்த மகரந்தச் சோறு. நான்கு அறைகளில் புழு கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. ஐந்தாவதில் ஒரு முட்டை இருந்தது. அந்த மகரந்தத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, மேலே மெல்லிய மூடியை வைத்தாள்.

திரும்பி வந்தபோது மேலாளர் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லாரி ஓட்டுநரும் வாசற்படியில் நின்றார்.

"போட்டாச்சுங்களாம்மா? இருட்டுறதுக்குள்ள நான் இறக்கணும்" என்றார் ஓட்டுநர்.

"அஞ்சு நிமிஷம், போய் வண்டியில இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டு மேலாளர் திரும்பினார். "எங்கம்மா போனீங்க? மேலேருந்து மூணு போன் வந்துடுச்சு."

நிதானம் கிண்ணத்தை அவர் முன் வைத்தாள். "என் சோதனை தப்பு சார். தூள் அடியில தங்கிடுச்சு. தேனீங்க அதைக் குடிக்கவே இல்லை."

மேலாளர் கிண்ணத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"கழுவுற அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"அந்தம்மாவுக்கு என்ன புரியப் போகுது? இங்க பாருங்க. படிவத்துல கேட்டிருக்கிறது பெட்டித் தேனீ. சாகலைன்னு நோட்டுல உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"பின்னால காட்டுத் தேனீக்கூடு இருக்கு சார். அஞ்சுல நாலு செத்துக் கிடக்கு."

"காட்டுத் தேனீயைப் படிவத்துல யாரு கேட்டா? உங்க உத்தரவு என் மேசையில தயாரா இருக்கும்மா. வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். கைக்கு வந்ததைக் கோட்டை விட்டுடாதீங்க."

அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதனால்தான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பேனா கையில் இருந்தது, காலியிடம் எதிரில் இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் பேனாவின் முனை தாளைத் தொடவும் தொட்டது. சின்னதாக ஒரு மைப்புள்ளி விழுந்தது.

மேசைமேல் இருந்த தேனீ அப்போது மயக்கம் தெளிந்து எழுந்தது. குப்பிக்குள் நின்றபடி, மார்பில் ஒட்டியிருந்த தூளையெல்லாம் கால்களால் வழித்து வழித்து வயிற்று முடிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் கொண்டுபோக வேண்டியது என்று ஒரு மணியைக்கூட அது சிந்தவிடவில்லை.

நிதானம் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், ஒரு தடவை இதுல பாருங்க. பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் சரி."

கண்ணாடிச் சில்லை நுண்நோக்கியில் பொருத்தினாள். மேலாளர் சலித்துக்கொண்டே குனிந்தார்.

"இதுல எது மகரந்தம், எது நம்ம தூள்? சொல்லுங்க சார்."

அவர் திருகைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். ஒரு காலத்தில் அவரும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே வேலை பார்த்தவர்தான். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார் கடைசியில்.

"கண்ணை எடுக்காதீங்க."

அவள் ஊசிமுனையால் மூடிக் கண்ணாடியை மெல்ல அழுத்தினாள். உருண்டைகளில் பாதிக்குமேல் அப்படியே இருந்தன. மீதி பட்டென்று உடைந்து, எண்ணெய்போல் ஏதோ கசிந்து பரவியது. மேலாளர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிளந்த நாணலை அவள் நீட்டியபோது வாங்காமல் பார்த்தார்.

நிதானம் நாற்காலியில் உட்கார்ந்து காலிக் கட்டத்தில் எழுதினாள்: 'சோதனையில் என்னால் பிழை நேர்ந்தது. இந்தத் தூள் தேனீக்களைக் கொல்கிறது.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இதை நான் மேல அனுப்பினா அந்த உத்தரவு வராதும்மா. இருக்கிற வேலைக்கும் நான் உறுதி சொல்ல முடியாது" என்றார் மேலாளர். குரலில் பழைய அவசரம் இல்லை.

"தெரியும் சார்."

மேலாளர் வாசல் காவலாளிக்குப் போன் போட்டார். "வண்டியை நிறுத்து. மூட்டையெல்லாம் இறக்கிடச் சொல்லு." ஏன் என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். "நானே வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நானும் அழுத்திப் பாக்காமத்தான் இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கேன் போல."

நிதானம் தேனீ இருந்த குப்பியைக் கையில் எடுத்தாள்.

"பூ குடுக்கிறதை நம்பி வாரிக்கிட்டுப் போகத்தான் சார் இதுக்கு இந்த உடம்பு. நல்லதா கெட்டதான்னு இதால அழுத்திப் பாக்க முடியாது. அதைப் பாத்துச் சொல்றதுக்குத்தான் நமக்குச் சம்பளம். தெரிஞ்சுக்கிட்டே நாம கையெழுத்துப் போட்டா, பிள்ளைங்க சோத்துல விஷத்தைக் கலந்தது தாய் இல்லை சார், நாமதான்."